சகலன்ரை கதிரைக்குக் கீழே ஐந்து சப்பாத்து

பொறாமை இல்லை என்று சொல்லுகிறவனை நான் நம்புவதில்லை. எனக்கு இருக்கிறது. ஊரில் எல்லார் மேலும் இல்லை. ஒரே ஒரு ஆள் மேல்தான். என்ரை சகலன். மனைவியின் தங்கச்சியின் புருசன். பெயர் நிரோஷன். வீடு அரியாலையில்.

நான் மினிபஸ் சாரதி. வல்வெட்டித்துறையில் இருந்து யாழ்ப்பாணம், பிறகு திரும்ப வல்வெட்டித்துறை. பத்தொன்பது வருசம். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. எனக்குத் தெரிந்தது ஸ்டியரிங் ஒன்றுதான். அதிலும் சகலன் வந்து கை வைத்தான்.

அவனுக்குக் கம்பியூட்டர் வேலை. வேலைக்கு ஒரு கம்பியூட்டர் இருக்க, விளையாடுவதற்கென்று இன்னொன்று எடுத்தான். அதன் பக்கத்துத் தகடு கண்ணாடி. உள்ளே சிவப்பும் பச்சையுமாக லைற். (தேர்த் திருவிழா தோற்றுப் போகும்.) ஆறு ஃபான். என்ரை பஸ்ஸில் ஒரு ஃபான். அதுவும் சாமிப் படத்துக்குத்தான் காற்று அடிக்கும்.

மேசை விளிம்பில் ஒரு ஸ்டியரிங்கைப் பூட்டியிருந்தான். கீழே மூன்று பெடல். திரையில் ரேஸ் கார். வீட்டுக்குள் இருந்துகொண்டு எந்தெந்த நாட்டுக்காரரோடோ ஓடுகிறான். அந்த அறைக்கு ஏசி. கம்பியூட்டர் சூடாகக் கூடாதாம். எஞ்சின் சூட்டில் எனக்குத் தொடை வேகிறது. என்னைப் பற்றி ஒருத்தரும் அப்படிக் கவலைப்பட்டதில்லை.

"அண்ணை, இது செக்கனுக்கு நூற்றி நாப்பது படம் காட்டும்" என்றான் முதல் நாள்.

"அவ்வளத்தையும் ஆர் பாக்கிறது?"

"குறைஞ்சால் படம் இழுபடும் அண்ணை. வளைவு வரேக்கை தெரியாது."

"எனக்குக் கண்ணாடியாலை பாத்தாலே வளைவு தெரியும்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமையில் அங்கே போனால் டிவியில் கார் ரேஸ் ஓடும். சகலன் எழும்பி நின்று பார்ப்பான். எனக்கு அதில் பெரிய மதிப்பு இல்லை. இருபது பேர் பாய்ந்து வந்து இரண்டு செக்கனில் நாலு சில்லு மாற்றுகிறார்கள். இருபது பேர் வந்தால் நான் பஸ்ஸையே மாற்றிவிடுவேன். அச்சுவேலியில் கொட்டுகிற மழைக்குள் நான் தனியாகச் சில்லு மாற்றினவன். நாற்பது பேர் யன்னலால் புத்தி சொன்னார்கள். அங்கே மழை கூடினால் ஓட்டத்தையே நிற்பாட்டுகிறார்கள். எதிரே ஒரு வாகனம் வராது. மாடு படுத்திருக்காது. 'இறக்கம், இறக்கம்' என்று பின்னால் ஒருத்தரும் கத்தமாட்டார்கள். போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய் வருகிறதுக்குக் கோப்பை கொடுக்கிறார்கள்.

"நீயும் அதைத்தானே செய்யிறாய்" என்றாள் என்ரை மனைவி வசந்தி. "போறாய், வாறாய். கோப்பைதான் இல்லை."

இதோடு விட்டிருப்பேன். மகளின் கொப்பி விடவில்லை. கபிஷாவுக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் 'எனது குடும்பம்' என்று கட்டுரை. அவள் எழுதியிருந்தாள். 'எனது அப்பா பஸ்ஸில் வேலை செய்கிறார். எனது சித்தப்பா சிறந்த சாரதி ஆவார்.'

ரீச்சர் சரி போட்டிருந்தார். வசந்தி அதை இரண்டு முறை வாசித்தாள். ஒரு முறையே எனக்குப் போதும்.

அன்றைக்கு முடிவு எடுத்தேன். சகலன்ரை ஸ்டியரிங்கிலேயே சகலனை வெல்வது. மகள் பார்க்க வேண்டும். பிறகு கட்டுரையைத் திருத்த வேண்டும்.

விஜயதசமி வந்தது. காலையில் பஸ்ஸைக் கழுவி, சந்தனம் வைத்து, சில்லுக்குக் கீழே எலுமிச்சங்காய் வைத்து ஏற்றி நசித்தோம். இரண்டு காய் மிஞ்சியது. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வேட்டியோடு, குடும்பத்தோடு அரியாலைக்குப் போனேன்.

சகலன் சோடா வாங்கக் கடைக்குப் போயிருந்தான். பெண்கள் குசினியில் பாயாசம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நான் தனிய அறைக்குள் போனேன்.

கம்பியூட்டருக்குச் சந்தனப் பொட்டு. மேலே ஒரு செவ்வரத்தம் பூ. பக்கத்தில் புத்தகங்கள், விபூதித் தட்டு. எல்லாம் ஒழுங்கு. கீழே பார்த்தேன். மேசைக்கு முன்னால் இருந்த கதிரைக்கு ஐந்து சின்னச் சில்லு. ஒவ்வொரு சில்லும் ஒவ்வொரு பழைய சப்பாத்துக்குள் நின்றது. ஐந்து சப்பாத்து. ஒன்று பெண்பிள்ளைச் சப்பாத்து.

எனக்கு உள்ளே ஒரு சந்தோசம். சரஸ்வதிக்குப் பூசை வைத்த அறை. அதற்குள் சப்பாத்து. படிச்ச மனிசன். நான் சப்பாத்துப் போட்டதே கலியாண வீட்டில்தான். அதையும் வாசலில் கழற்றினேன்.

ஐந்தையும் எடுத்தேன். அறை வாசலுக்கு வெளியே வரிசையாக வைத்தேன். வருகிற ஆட்கள் பார்க்கட்டும் என்று கொஞ்சம் நடுவிலேயே வைத்தேன். பிறகு ஒரு யோசனை வந்தது. இதுவும் வாகனம் என்றுதானே சொல்லுகிறான். பூசையைச் சரியாகச் செய்வோம். பையில் இருந்த இரண்டு எலுமிச்சங்காயையும் இரண்டு சில்லுக்குக் கீழே வைத்து, கதிரையில் ஏறி இருந்து உருட்டினேன். நசிந்தது. சாறு டைல்ஸில் பரவியது. கதிரை சோக்காக உருண்டது. (சப்பாத்துக்குள்ளை நிண்டால் எப்பிடி உருளும், விசரன், எண்டு நினைச்சன்.)

சகலன் சோடாவோடு வந்தான்.

"என்னண்ணை, இருந்திட்டியள்?"

"ஓடிப் பாப்பம் எண்டு. உன்ரை நேரம் எவ்வளவு?"

"ஒரு நிமிசம் முப்பத்தொண்டு அண்ணை. ஒரு சுத்து."

"வை."

எல்லாரும் வந்துவிட்டார்கள். மகள் எனக்குப் பக்கத்தில் நின்றாள். சகலன்ரை மனைவி, மச்சாள் சுகந்தி, வாசலில் பாயாசத் தட்டோடு நின்றாள். என்ரை வேட்டி விழுந்து கதிரைச் சில்லை மூடியிருந்தது. வாசலில் கிடந்த சப்பாத்தை வந்தவர்களுடையது என்று நினைத்திருப்பான். சகலனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அண்ணை, பிரேக் இறுக்கம். உண்மையான ரேஸ் கார் மாதிரி. காலை உதைச்சு மிதிக்கோணும்."

"எனக்கோ பிரேக் சொல்லித் தாறாய்?"

"அப்பா, சித்தப்பா சொல்லுறதைக் கேளுங்கோ" என்றாள் மகள்.

அந்தச் சொல்லோடு நான் பெடலை அமத்தினேன். கார் பறந்தது. இருநூற்றி எண்பது காட்டியது. என்ரை பஸ் எழுபதைத் தாண்டினால் கதவு ஆடும். திரையில் வளைவு வந்தது. நூற்றி நாற்பது படத்திலும் வந்தது. பத்தொன்பது வருசக் காலால் பிரேக்கை உதைத்தேன்.

கார் நிற்கவில்லை. நான் போனேன். பின்பக்கமாக.

சாரதி ஸ்டியரிங்கை விடக் கூடாது. நானும் விடவில்லை. ஸ்டியரிங் மேசையை விட்டுக் கழன்று என்னோடு வந்தது. வயர் வந்தது. வயருக்குப் பின்னால் கம்பியூட்டர் வந்தது. வேட்டி சில்லுக்குள் சிக்கி, சொல்லாமல் கொள்ளாமல் இடையில் இறங்கிவிட்டது. (உள்ளை காற்சட்டை போட்டிருந்தனான். அது வசந்தியின்ரை புண்ணியம்.) சுகந்தி விலகினாள். பாயாசம் விலகவில்லை. வாசலில் நான் வரிசையாக வைத்த ஐந்து சப்பாத்திலும் கதிரை இடறி, நான் மல்லாக்க விழுந்தேன். கையில் ஸ்டியரிங். தலையில் சவ்வரிசி.

அறைக்குள் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தச் சத்தம் எனக்கு ஒரு செக்கன் இனித்தது. பிறகு மகளின் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. விழுந்து கிடந்த கம்பியூட்டரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

சகலன் ஏசியிருக்கலாம். ஏசவில்லை. சப்பாத்தைப் பார்த்தான். கதிரைச் சில்லைப் பார்த்தான். எலுமிச்சங்காயைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"சப்பாத்தை ஆர் எடுத்தது அண்ணை?"

"நான்தான். பூசை அறைக்குள்ளை சப்பாத்து."

"அது பிரேக் பிடிக்கேக்கை கதிரை பின்னாலை போகாமல் வைச்சது அண்ணை."

தலையில் இருந்த சவ்வரிசியைத் தட்டினேன். சுகந்தி எனக்கு ஒரு துவாய் கொண்டுவந்து தந்தாள். "அத்தான், முதல்லை உடுங்கோ" என்றாள்.

மகள் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பஸ்ஸில் பின் சீட்டில் போய் இருந்தாள். அது எனக்குத் தாங்கவில்லை.

கம்பியூட்டருக்கு உள்ளே பெரிதாக ஒன்றும் உடையவில்லை. கண்ணாடியும் ஒரு ஃபானும்தான். சகலன் மாற்றிவிட்டான். கதிரைக்கு நான் பொறுப்பு எடுத்தேன். கராச்சில் பழைய மினிபஸ் ஒன்று உடைந்து கிடந்தது. அதன் சாரதி சீட்டைக் கழற்றினேன். இரும்புச் சட்டம் ஒட்டுவித்து, சீட்டை அதில் நட்டுப் போட்டு இறுக்கினேன். ஸ்டியரிங்குக்கும் பெடலுக்கும் அதே சட்டத்தில் இடம் வைத்தேன். சில்லு இல்லை. யானை உதைத்தாலும் அசையாது. கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுத்தேன்.

சகலன் அதில் இருந்து ஓடினான். ஒன்று இருபத்தொன்பது. இரண்டு செக்கன் குறைந்துவிட்டது. என்ரை சீட்டால். என்ரை கையாலேயே அவனை இன்னும் கெட்டிக்காரன் ஆக்கிவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது எந்த நல்லது கெட்டதுக்குப் போனாலும் சுகந்தி முதலில் சொல்லுவது ஒன்றுதான். "அத்தானுக்குச் சில்லில்லாத கதிரை குடுங்கோ." குடும்பத்தில் குழந்தைகளுக்கும் அது பாடம்.

மகள் திரும்ப முன் சீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு நாள் பஸ்ஸில் எங்கள் ஊர் மாமி ஒருத்தி அவளிடம் கேட்டாள்.

"பிள்ளை, உங்கடை வீட்டிலை ஆர் நல்லா ஓடுறது? அப்பாவோ, சித்தப்பாவோ?"

நான் கியரில் கை வைத்தபடி காதைக் கொடுத்தேன்.

கபிஷா யோசித்துத்தான் சொன்னாள். "முன்னுக்கெண்டால் சித்தப்பா. பின்னுக்கெண்டால் அப்பாவை ஒருதரும் வெல்லேலாது."

பஸ் முழுக்கச் சிரித்தது. கொண்டக்டரும் சிரித்தான். நான் ரோட்டைப் பார்த்தேன். கட்டுரை பாதி திருந்திவிட்டது.