பரிசலில் வராத விரால்

பரிசல் இல்லாமல் விரால் மீன் பிடிக்க முடியுமா, முடியாதா? நீங்களே சொல்லுங்கள். முடியாது என்பவர்களுக்குத் துணையாகப் புத்தூரில் அமிர்தராஜ் என்று ஒருவர் இருக்கிறார், அவரோடு போய்ச் சேர்ந்துகொள்ளலாம். முடியும் என்பவர்கள் அவர் பெண்டாட்டி ரோசரி பக்கம் வந்து உட்காருங்கள்.

அமிர்தராஜ் ஓர் ஆபீசில் டைப் அடிக்கிறவர். மீனைத் தட்டில் பார்த்திருக்கிறாரே தவிரத் தண்ணீரில் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் கையில் பழைய பேப்பர் கடையிலிருந்து ஓர் அமெரிக்கப் பத்திரிகை வந்து சேர்ந்தது. அதில் முழுப் பக்கத்துக்கு ஒரு படம். தொப்பி போட்ட துரை ஒருவர், பளபளவென்று ஒரு படகில் நின்றுகொண்டு, முழ நீள மீன் ஒன்றைத் தூக்கிக் காட்டுகிறார். அந்த ஊரில் அந்த ஒரு ஜாதி மீனைப் பிடிப்பதற்கென்றே தனியாகப் படகு கட்டி விற்கிறார்களாம். படத்தைப் பார்த்ததிலிருந்து அமிர்தராஜுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காலை, மதியம், ராத்திரி மூன்று வேளையும் இறங்கியது. நடுவில் நாலு மணிக்குச் சாப்பிடுகிற முறுக்குதான் இறங்கவில்லை.

அது கிறிஸ்தவர்கள் விரதம் இருக்கிற தபசு காலம். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், கறி கூடாது, மீன் கூடும். வாராவாரம் ரோசரி மார்க்கெட்டில் மீன் வாங்கிக் குழம்பு வைப்பாள். இனிமேல் அந்த வேலை அவளுக்கு வேண்டாம், வெள்ளிக்கிழமை மீனை நானே ஆற்றிலிருந்து கொண்டுவருகிறேன் என்று ஒருநாள் சாயங்காலம் அறிவித்தார் அமிர்தராஜ். ரோசரிக்குச் சந்தோஷம்தான். எதில் போய்ப் பிடிப்பீர்கள் என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

கம்பரசம்பேட்டைப் பக்கம் வீரமலை என்று ஒரு பரிசல்காரர். அவரிடம் பழைய பரிசல் ஒன்று சும்மா கிடந்தது. மூங்கில் கூடை மாதிரி வட்டமாக, அடியில் தோல் போர்த்தியது. அதைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு ரோசரியின் வெள்ளாட்டை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. பேச்சு முடிந்து வெற்றிலையும் போட்டாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வீரமலை வந்து ஆட்டை ஓட்டிக்கொண்டு போவார்.

"ஆட்டையா?" என்றாள் ரோசரி.

"ஆடுதானே?"

"அது ஆடு இல்லங்க. டோரதிக்குப் பாலு."

டோரதிக்கு ஒன்றரை வயது. பசும்பால் கொடுத்தால் ஒட்டுவதில்லை. தாய்ப்பால் நின்றதிலிருந்து அந்த வெள்ளாட்டின் பாலில்தான் குழந்தை கன்னம் வைத்திருந்தது. தொட்டியத்திலிருந்து பொறந்த வீட்டுச் சீராக லாரியில் ஏறி வந்த ஆடு. ரோசரி அழுதிருந்தால் அமிர்தராஜ் சமாளித்திருப்பார். அவள் அழவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே யோசித்தாள். அவள் யோசிப்பது அமிர்தராஜுக்கு எப்போதுமே ஆகாது.

"சரிங்க, இப்படி வச்சுக்குவோம்," என்றாள் கடைசியில். "வெள்ளிக்கிழமை நீங்க பரிசல்ல போயி ஒரு விரால் பிடிச்சுக்கிட்டு வாங்க. வந்தா ஆட்டை நானே அவுத்து வீரமலை கையில குடுக்கறேன். நீங்க வெறுங்கையோட வந்து, நான் பரிசல் இல்லாம ஒண்ணு பிடிச்சிருந்தேன்னா, ஆடு இங்கயே இருக்கட்டும்."

அமிர்தராஜ் சிரித்த சிரிப்பில் புறா ரெண்டு கூரையை விட்டுப் பறந்தது.

"பரிசல் இல்லாம எப்படிப் பிடிப்ப? கூப்பிட்டா வருமா?"

"கூப்பிட்டுப் பாக்கறேன்."

"அமெரிக்காவுலயே படகு இல்லாம முடியலையாம்."

"பாவம், அவங்க ஊர்ல வாய்க்கால் இல்ல போலருக்கு."

ஒப்பந்தம் ஆயிற்று. அதோடு விட்டாரா மனிதர்? மறுநாள் ஆபீசில் ஹெட் கிளார்க் அற்புதசாமியிடம் பரிசல் கதையைச் சொல்லி, வெள்ளிக்கிழமை மத்தியானம் விரால் குழம்புக்கு வீட்டுக்கு வரவேண்டும் என்று அழைத்தும்விட்டார். லீவு கையெழுத்துப் போடவேண்டியவர் அவர்தான் என்பதும் ஒரு காரணம்.

ரோசரி சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. மேட்டூரில் தண்ணீரை அடைத்த பிறகு உய்யக்கொண்டான் வாய்க்காலில் ஓட்டம் நின்றுபோய், அங்கங்கே குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அவள் துணி துவைக்கிற படியருகே இருந்தது அப்படி ஒரு குட்டை. பத்து நாளாக அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்: சோப்பு நுரை ஒதுங்குகிற கோரைப்புல் ஓரமாக, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம், 'ப்ளுக்'கென்று ஒரு சத்தம், ஒரு வட்டம். விரால் மூச்சு வாங்க மேலே வருகிற சத்தம் அது. நட்டாற்று மீன் இல்லை அது. கலங்கின தண்ணீர், புல், நிழல், இவைதான் அதற்கு மாளிகை. தொட்டியத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த காலத்தில், பள்ளிக்கூடம் போகிற வழியிலும் வருகிற வழியிலும் ரோசரி படித்த பாடம் இது. அந்தப் பாடத்தில் மட்டும் அவள் ஒருதரம்கூடத் தவறியதில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. அமிர்தராஜ் தொப்பி வைத்துக்கொண்டார். சைக்கிளில் புது மூங்கில் தூண்டிலைக் கட்டிக்கொண்டார். டிபன் கேரியரில் நாலு அடுக்கு இட்லி. வாசலில் நின்று, மீன் பெரிதாக இருந்தால் எந்தப் பாத்திரத்தில் வைப்பாய் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ரோசரி துணி மூட்டையை இடுப்பில் வைத்தாள். மூட்டைக்குள் ஒரு குச்சி, மாவு மூட்டை தைத்த முறுக்கு நூல், இரண்டு தூண்டில் முள். முள்ளும் நூலும் சேருகிற இடத்தில், அவிழாமல் இருக்க, தலையணை உறைக்குப் பூப்போடுகிற பச்சை நூலைச் சுற்றியிருந்தாள். குழந்தையைப் படிக்கு மேலே மர நிழலில் ஆட்டின் பக்கத்தில் உட்கார வைத்தாள். புல்லில் குதித்த தவளை ஒன்றை முள்ளில் குத்தி, கோரை ஓரமாகத் தத்தித் தத்திப் போக விட்டாள். மற்ற கையால் துணியை நனைத்துக் கும்மினாள்.

மூன்றாவது புடவை அலசுவதற்குள் நூல் விறைத்தது. ஒரு இழுப்பு. முழங்கை நீளத்துக்குக் கறுப்பாக ஒன்று படியில் விழுந்து துள்ளியது. டோரதி கை தட்டினாள். ஆடு ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. அது கொஞ்சம் நன்றியோடு பார்த்திருக்கலாம்.

எட்டு மணிக்குள் இரண்டாவதும் கிடைத்தது. அது இன்னும் பெரிது. ஆனால் முள்ளைத் தொண்டைக்குள் விழுங்கியிருந்தது. எடுக்கப் பார்த்தாள், வரவில்லை. நூலை அறுத்தாள். அறுத்த கையோடு ஒரு யோசனை வந்தது.

போன வருஷம் அமிர்தராஜ் கொல்லையில் கத்தரிச்செடி போட்டார். காய் காய்த்தது என்று ஒருநாள் ஒரு படி கத்தரிக்காய் கொண்டுவந்து வைத்தார். காயெல்லாம் அன்றைய தினசரிப் பேப்பரில் பொட்டலம் கட்டியிருந்தது. அப்படிக் காய்க்கிற செடி அவருடையது மட்டும்தான். தோற்றுப்போனால் மனிதர் எந்த வழியாக வீடு வருவார் என்று ரோசரிக்குத் தெரியும்.

நேரே நாலு ரோட்டு முக்கில் மீன் விற்கிற வியாகுலம்மாளிடம் போனாள். உயிரோடு இருந்த அந்தப் பெரிய விராலை அவள் பானைத் தண்ணீரில் போட்டு, "எங்க வீட்டுக்காரர் வந்து விரால் கேட்டா இதையே குடுங்கக்கா. வேற எதையும் கண்ணுல காட்டாதீங்க," என்றாள். வியாகுலம்மாள் காரணம் கேட்கவில்லை. அவளுக்கும் ஒரு வீட்டுக்காரர் இருந்தார்.

பதினோரு மணிக்கு சைக்கிள் மணி அடித்தது. அமிர்தராஜ் வந்தார். இடுப்பு வரை ஈரம், முகத்தில் சேறு, தொப்பியைக் காணோம். கையில் விரால்.

"பாத்தியா?" என்றார்.

ரோசரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆச்சரியம் என்று அவர் எடுத்துக்கொண்டார். பிறகு கதை வந்தது. ஆற்றில் ஆழமான மடுவின் நட்டநடுவில் பரிசலை நிறுத்தினாராம். மீன் கவ்வியதும் பரிசலையே இழுத்துக்கொண்டு போயிற்றாம். இவர் விடவில்லையாம். அது விடவில்லையாம். கடைசியில் அவர் கண்ணைப் பார்த்து அது அடங்கிற்றாம். ரோசரி எல்லாவற்றுக்கும் 'உம்' கொட்டிக்கொண்டே கல்லில் சாம்பலைப் போட்டு மீனைத் தேய்த்தாள். செதில் எடுத்தாள். தலையை அரிந்தாள். தொண்டைக்குள் விரலை விட்டு மெதுவாக எதையோ இழுத்தாள்.

தூண்டில் முள். சாண் நீளத்துக்கு மாவு மூட்டை நூல். முடிச்சில் பச்சை நூல்.

அதை அலசி அவர் உள்ளங்கையில் வைத்தாள். உள்ளே போய்த் தலையணை உறையைக் கொண்டுவந்து பக்கத்தில் பிடித்தாள். அதே பச்சை.

அமிர்தராஜ் முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, வாய்க்காலில் உன் தூண்டிலை அறுத்துக்கொண்டு வந்து, ஆற்றில் என்னிடம் மாட்டியிருக்கும் என்றார்.

"வாய்க்கால்ல ஓட்டமே இல்லைங்களே. நடுவுல அங்கங்க காஞ்சு மணலாக் கிடக்கு. நம்ம வீட்டு முக்குல ஏறி, கம்பரசம்பேட்டைக்கு டிக்கெட் வாங்கி, பஸ்ல வந்துச்சா?"

 அடுப்படியில் மூடியிருந்த சட்டியை ரோசரி திறந்து காட்டினாள். அங்கே ஏற்கெனவே ஒரு விரால், மஞ்சள் உப்புப் பூசிக்கொண்டு, துண்டு துண்டாகக் காத்திருந்தது. தவளையைக் குத்தி இரண்டையும் பிடித்ததும், பெரியதை வியாகுலம்மாள் பானையில் போட்டதும் தான்தான் என்று அவள் சொன்னபோது அமிர்தராஜ் அம்மிமேல் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வீரமலை வந்து நின்றார். தோளில் ஆடு கட்டுகிற கயிறு.

"அம்மா, சார் நல்லபடியா வந்து சேந்தாருங்களா? காலையிலேருந்து பரிசல் மடுவுல ராட்டினமாச் சுத்திச்சுங்க. துடுப்பை ஒரு பக்கமே போட்டா அது வேற என்ன செய்யும்? தலை கிறுகிறுத்துத் தண்ணிக்குள்ள விழுந்துட்டாரு. நான்தான் போயித் தூக்கினேன். ஆளுதான் கிடைச்சாரு, தொப்பி போயிருச்சு."

ஆடு வராது என்று ரோசரி சொன்னாள். வீரமலைக்கு வருத்தமில்லை, சார் மறுபடி பரிசலில் ஏறினால் தனக்குத்தான் வேலை என்றார். சட்டியிலிருந்த துண்டு இரண்டை வறுத்து இலையில் மடித்துக் கொடுத்தாள். கயிறு தோளிலேயே இருக்க, சாப்பிட்டுக்கொண்டே நடந்தார். அதற்குப் பிறகுதான் ரோசரிக்கு மூச்சு சரியாக வந்தது. போய் ஆட்டைக் கறந்து, டோரதிக்கு ஒரு டம்ளர் நுரையோடு புகட்டினாள். அன்றைக்குப் போல அந்த ஆடு என்றைக்கும் கறக்கவில்லை.

ஒரு மணிக்கு ஹெட் கிளார்க் அற்புதசாமி வந்தார். குழம்பும் வறுவலுமாக இரண்டு மீனும் இலைக்கு வந்தன. இரண்டுமா என்று அவர் வாய் பிளந்தார். அமிர்தராஜ் இலையைப் பார்த்தார். ரோசரி, "ஒரே காலையில ரெண்டுங்க," என்றாள். பிடித்தது யார் என்று ஹெட் கிளார்க்கும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மனிதர் மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டார். ஆபீசில் இப்படி ஒரு கைகாரர் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்றார். கை கழுவும்போது, அடுத்த வெள்ளிக்கிழமை தானும் லீவு போடுவதாகவும், அமிர்தராஜ் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கப்போவதாகவும் சொன்னார். மேலதிகாரி சொன்னால் உத்தரவு.

வாசல்வரை வழியனுப்பிவிட்டு அமிர்தராஜ் அடுப்படிக்கு வந்தார். ரோசரி சட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.  கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவர் அப்படிக் குழைந்து பேசி அவள் கேட்டதில்லை.

"ரோசரி, அடுத்த வெள்ளிக்கிழமைக்குத் தவளையெல்லாம் நான் பிடிச்சுத் தந்துடறேன். அவரைக் கூட்டிக்கிட்டு நீ போயிட்டு வந்துடேன்."