மன்னருக்கு ஓர் உதவித்தொகை

தெருமுனைப் பேனரில் தான் சிரித்துக்கொண்டிருப்பதை மொக்கச்சாமி அன்றுதான் முதன்முதலாக வெறுத்தார்.

முந்தின நாள்வரை அந்தச் சிரிப்பு அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தங்கை மகாராணியின் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் என்கிற முறையில் பேனரில் அவருக்கு நடு இடம். கோட்டு, கறுப்புக் கண்ணாடி, காதில் செல்போன், முதுகுக்குப் பின்னால் ஒரு கப்பல். அதில் கழுத்துக்கு மேலே இருப்பது மட்டும்தான் அவருடையது. கீழே 'ஏலக்காய் ஏற்றுமதியாளர்' என்று கொட்டை எழுத்து.

போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் மூட்டை தூக்குகிறவரை இப்படிப் போடலாமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். அவருக்குப் பக்கத்தில் 'தொழிலதிபர்' என்று நின்றவர் பஞ்சர் ஒட்டுகிறவர்.

காலையில் வந்த போன்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. மகள் பானுப்பிரியாவுக்கு மதுரையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டும் ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். அங்கிருந்துதான் பேசினார்கள். அருள்மொழி என்கிற அதிகாரி நாளைக் காலையில் வருவார், வீட்டைப் பார்ப்பார், தெருவில் நாலு பேரிடம் விசாரிப்பார். அவர் சரியென்றால் பணம் வரும். இல்லாவிட்டால் பானுப்பிரியாவும் அம்மாவோடு ஜீப்பில் ஏறி மலைத்தோட்டத்துக்கு ஏலக்காய் எடுக்கப் போக வேண்டியதுதான். வேறு வழி அந்த வீட்டில் கிடையாது.

"கப்பலோட நிக்கிற ஆளுக்கு யாருங்க ஒதவி செய்வா?" என்றாள் மனைவி ஆயம்மாள். "வெரசா போயி அதக் கழட்டச் சொல்லுங்க."

மொக்கச்சாமி தங்கை வீட்டுக்காரர் ராக்கையாவிடம் போனார். உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கலாம். ஆனால் நாளை மறுநாள் சீர் கொண்டுவர வேண்டிய தாய்மாமன், 'நான் ஏழை என்று சான்று வாங்கி வைத்திருக்கிறேன்' என்று மாப்பிள்ளை வீட்டில் போய் எந்த வாயால் சொல்வது? அதனால் பேனரில் தன் படத்தை மட்டும் எடுத்துவிடலாமே என்று பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தார்.

ராக்கையாவின் முகம் தொங்கிப்போனது. "முறை செய்ய மனசில்லன்னா நேராச் சொல்லிருங்க மச்சான். படத்த எதுக்கு எடுக்கச் சொல்றீக?"

அடுப்படியில் மகாராணி மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பதறிப்போன மொக்கச்சாமி, மனத்தாங்கல் எல்லாம் ஒன்றுமில்லை, படம் கொஞ்சம் சின்னதாக இருக்கிறதே என்றுதான் சொல்ல வந்தேன் என்று உளறிவிட்டார். ராக்கையாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று தோளைத் தட்டி, காபி கொடுத்து அனுப்பிவைத்தார்.

சாயங்காலம் பழைய பேனர் இறங்கிப் புதியது ஏறியது. முந்தியதைப்போல் இரண்டு மடங்கு. மற்ற சொந்தக்காரர்கள் அடியில் பொடிப்பொடியாக நிற்க, மேலே மொக்கச்சாமி மட்டும் தனியாகச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார். தலையில் கிரீடம். 'ஏலக்காய் மன்னர்' என்று போட்டிருந்தது. கப்பல் இரண்டாகியிருந்தது.

ஆயம்மாள் அண்ணாந்து பார்த்து இரண்டு கப்பலையும் எண்ணினாள்.

"இப்ப நாம ஏழையா, பணக்காரங்களா? ஏதாச்சும் ஒண்ண முடிவு பண்ணுங்க" என்றாள்.

மொக்கச்சாமிக்கே அது பிடிபடவில்லை. வருமானச் சான்றில் ஒரு மொக்கச்சாமி, பேனரில் ஒரு மொக்கச்சாமி. இரண்டு பேருக்கும் நடுவில் இவர் முழங்கால் வலியோடு நின்றுகொண்டிருந்தார். இருட்டியதும் ஏணி வைத்து ஏறி, ஒரு போர்வையை மன்னர்மேல் கட்டிவிட்டு வந்தார். மலைக்காற்று அதை ராக்கையா வீட்டு முருங்கை மரத்தில் கொண்டுபோய்ப் போட்டது.

விடியற்காலையில் மறுபடியும் ஏறினார். இந்த முறை கடையிலிருந்து கொண்டுவந்த பழைய சாக்குகளை ஒன்றோடொன்று தைத்து, நாலு மூலையிலும் கயிறு போட்டு இறுக்கிவிட்டார். கிரீடம், கப்பல், பெயர் எல்லாம் மறைந்தன. மூட்டை கட்டிப் பழகிய கை. எந்தக் காற்றுக்கும் அசையாது. நிம்மதியாக இறங்கிப் போய்க் குளித்தார்.

ஆனால் தெரு விழித்துக்கொண்டபோது, ஒரு காதுகுத்துப் பேனரில் தாய்மாமனை மட்டும் யாரோ சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். போடியில் இது சின்ன விஷயமா? எவனோ வேண்டாதவன் வேலை என்று ராக்கையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டார். கூட்டம் கூடியது. போலீசுக்குச் சொல்ல ஓர் ஆளும் புறப்பட்டுப் போனார்.

அந்த நேரம் பார்த்து அருள்மொழியின் ஜீப்பு வந்து நின்றது. கையில் பைலோடு ஒருவர் இறங்கியதும், போலீசுதான் அதற்குள் வந்துவிட்டது என்று ராக்கையா நினைத்துக்கொண்டார். வந்தவரும் பேனரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மொக்கச்சாமி என்பவர் எப்படிப்பட்டவர் என்றுதான் கேட்டார்.

"எங்க மச்சான் ராசா மாதிரி ஆளு சார்" என்றார் ராக்கையா. "அவரு படத்தப் போயி மூடியிருக்கானுக. விட்டுறாதீங்க."

பக்கத்து வீட்டு ஒச்சம்மாளுக்கு ஆயம்மாள் முன்தினமே சொல்லிக்கொடுத்திருந்தாள். யாராவது கேட்டால், பாவம் ரொம்பக் கஷ்டப்படுகிற குடும்பம் என்று சொல்ல வேண்டும். ஆனால் போலீசைக் கண்ட பயத்தில், யாரைப் பற்றியும் குறைவாகச் சொல்லி வம்பில் மாட்டக்கூடாது என்று ஒச்சம்மாள் முடிவு செய்துவிட்டாள். அவர்கள் யாரிடமும் கைநீட்டி வாங்கியதே இல்லை என்று அடித்துச் சொன்னாள்.

வீட்டுக்குள் வந்த பிறகுதான் நிலைமை கொஞ்சம் தெளிந்தது. அங்கே மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒற்றை அறை, தகரக் கூரை, ஒரு மூலையில் அடுப்பு. கேட்டதற்கெல்லாம் பானுப்பிரியா நிதானமாகப் பதில் சொன்னாள். எதற்கு நர்சிங் என்றதற்கு, மலையில் காய் எடுக்கும்போது விழுந்தவர்களை ஜீப்பில் போட்டு இறக்கிக்கொண்டு வருவதற்குள் என்னவெல்லாம் ஆகிறது என்று சொன்னாள். அருள்மொழி தலையாட்டிக்கொண்டே எழுதினார். பேனா ஓட ஓட ஆயம்மாளின் முகம் மலர்ந்தது.

அப்போதுதான் அவர் கண்ணில் மூலையில் கிடந்த மீதிச் சாக்கும் கோணி ஊசியும் பட்டன.

"பேனர்ல சாக்கக் கட்டுனது நீங்களா?"

வாசலில் ராக்கையாவும் பாதித் தெருவும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். இல்லை என்று பொய் சொல்ல மொக்கச்சாமிக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்றார்.

"ஏன்?"

உங்களுக்குப் பயந்துதான் என்று அதிகாரியிடம் சொல்ல முடியாது. ஏழை என்று காட்டத்தான் என்று மாப்பிள்ளை காதுபடச் சொல்ல முடியாது. மொக்கச்சாமி இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்றைச் சொன்னார்.

"எனக்கு இந்த வெளம்பரமெல்லாம் புடிக்காதுங்க."

வாசலில் நின்றவர்கள் ஆகா என்று உருகிப்போனார்கள். ராக்கையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அருள்மொழியின் பேனா மட்டும் அப்படியே நின்றது. அவர் மொக்கச்சாமியை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். பைலை மூடினார். அடுத்த தெருவிலும் விசாரிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியைத் தொடாமல் எழுந்து நடந்தார்.

ஆயம்மாள் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். பானுப்பிரியா ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு அடுப்பு மூலைக்குப் போனாள். அதைத்தான் மொக்கச்சாமியால் தாங்க முடியவில்லை. மானம் போனால் போகிறது என்று வெளியே ஓடினார். அருள்மொழி அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருந்தார். ஜீப்பில் சாய்ந்தபடி டிரைவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

யாரிடமாவது சொல்லித்தானே ஆக வேண்டும். தான் மூட்டை தூக்குகிறவன், பேனரில் இருப்பது முழுப்பொய், அதைப் பார்த்தால் மகளுக்குப் பணம் கிடைக்காதே என்றுதான் சாக்கைக் கட்டினேன் என்று அந்த டிரைவரிடம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

டிரைவர் பேனரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கெடுத்தீகளேண்ணே. சார் திரும்புறதுக்குள்ள வெரசா ஏறி அந்தச் சாக்க அவுத்து விடுங்க. பேனர்ல மன்னர், அதிபர்னு பேரப் போட்டிருந்தா அவரு மறுகேள்வி கேக்காம கையெழுத்துப் போட்டுருவாரு. நெசமான மொதலாளி எவனும் பேனர்ல மூஞ்சியக் காட்ட மாட்டான்னு அவரு கணக்கு. மறைக்கிற ஆளுகளத்தாண்ணே எங்க சார் சந்தேகப்படுவாரு."