ஒட்டின பூட்ஸும் ஒட்டாத பூட்ஸும்

ஏரிக்கு அடியில் இறங்கிப் பார்த்தே தீருவது என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார். ஒரு மனிதனுக்குத் தனக்கென்று ஒரு பொருளாவது வேண்டாமா? அவருடைய குடை, கம்பளிச் சட்டை, சைக்கிள் எல்லாம் ஒவ்வொன்றாக மனைவியிடம் போய்ச் சேர்ந்திருந்தன. அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வெளியில்தான் பக்கத்து சீட். வீட்டில் ஸ்டியரிங் அவள் கையில்.

ஏரித் தண்ணீர் ஐஸாகக் குளிரும். அதனால் டிரை சூட் வாங்க வேண்டியிருந்தது. கழுத்திலிருந்து கால் வரை ஒரு சொட்டுக்கூட உள்ளே விடாத உடை. அதில் இரண்டு வகை. ஒன்றில் பூட்ஸ் உடையோடு ஒட்டியே வரும். மற்றதில் சாக்ஸ் மட்டும்தான் ஒட்டியிருக்கும்; அதன் மேல் அவரவர் அளவுக்குத் தனி பூட்ஸ் மாட்டிக்கொள்ள வேண்டும்.

கணவன், மனைவி இருவருக்கும் ஒரே உயரம், ஒரே உடல்வாகு. பாதம்தான் வேறு. பத்தாம் நம்பர் பூட்ஸ் ஒட்டியே வந்துவிட்டால் ஆறாம் நம்பர்க்காரி என்ன செய்வாள்? அவருக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் அவர் வலது என்றால் அவள் இடது என்பாள். ஆகவே டிரை சூட் விற்கும் கடையில் அவளிடம் நேர்மாறாகப் பேசினார்.

"சாக்ஸ் வச்சதுதான் எனக்குப் புடிச்சிருக்கு."

"அப்படியா? ஏன்?"

"பூட்ஸ் கிழிஞ்சா பூட்ஸை மட்டும் மாத்தலாம். கயிறு கட்டினா கணுக்காலை இறுக்கிப் புடிச்சுக்கும். கரையில கல்லு மேல நடக்கலாம்."

"ஒட்டினது?"

"அது தொளதொளன்னு இருக்கும். கால் பக்கம் காத்து ஏறினா தண்ணிக்குள்ள தலை கீழ, கால் மேல."

சொல்லிவிட்டு, அவள் 'அதெல்லாம் வேணாம்' என்பதற்காகக் காத்திருந்தார்.

"ஏங்க, இவ்வளவு யோசிச்சிருக்கீங்களே. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து கேட்காத வாக்கியம். இன்றைக்கென்று வந்து விழுந்தது.

"இல்லம்மா, ஒட்டினதையும் ஒரு தடவை..."

"வேணாங்க. தலைகீழா போறதுக்கா?" கடைக்காரப் பெண்ணிடம் திரும்பினாள். "அந்த சாக்ஸ் வச்சதையே குடுங்க. பத்தாம் நம்பர்ல ஒரு ஜோடி பூட்ஸ். ஆறுல ஒரு ஜோடி."

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில், "முதல்ல நான் போட்டுப் பாக்கறேன், ஓட்டை கீட்டை இருந்தா தெரிஞ்சுடும்" என்றாள். காலுக்கு மேல் நீண்டிருந்த சாக்ஸை மடித்து ஆறாம் நம்பர் பூட்ஸுக்குள் திணித்து, கயிற்றை இறுக்கி, முக்குளிக்கக் கற்றுத்தரும் பயிற்சியாளரோடு இறங்கிப் போனாள். கணவர் அவள் செருப்புக்குக் காவல்.

வெளியே வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. கண் மட்டும் சின்னப் பெண்ணுடையது போல மின்னியது.

"கீழ ஒரு படகு கிடக்குங்க. ஜன்னல் வழியா மீனெல்லாம் எட்டிப் பாக்குது. நீங்க பாத்தே ஆகணும்."

அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பத்தாம் நம்பரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பயிற்சியாளர் கேட்டார். "சாருக்கு நீச்சல் தெரியுமில்ல?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்.

"முழங்கால் தண்ணி வரைக்கும் தெரியும். மீதியை நான் சொல்லிக் குடுத்துடறேன்."