எண்ணெய் ஸ்நானம் கண்ட எஞ்சின்

மயிலாப்பூர்
11-11-1946

சிரஞ்சீவி ஸ்ரீரங்கனுக்கு அத்திம்பேர் ஸ்ரீனிவாசராகவனின் அநேக ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் இங்கே நானும் உன் அக்கா சூடாமணியும் சௌக்கியம். உன் மோட்டார் சைக்கிளும் இன்று காலையிலிருந்து சௌக்கியம். அதற்கு முன் அது எப்படி இருந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ உட்கார்ந்துகொண்டு படிப்பது நல்லது.

நாற்பத்திரண்டில் நீ பட்டாளத்துக்குப் போகும்போது வண்டியை நம்மாத்து ரேழியில் நிறுத்தி, "மாசம் ஒரு தரம் பிளக்கைக் கழட்டி ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு, நாலு உதை உதைங்கோ அத்திம்பேர்" என்றாய். இன்ன எண்ணெய் என்று சொல்லவில்லை. நானும் கஞ்சத்தனம் பார்க்காமல், மாசத்துக்கு ஒரு தரம் என்ன, சனிக்கிழமைதோறும் என் தலைக்கு வைத்துக்கொள்ளும் நல்லெண்ணெயையே அதற்கும் விட்டேன். உதைக்க மட்டும் மனசு வரவில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு நமஸ்காரம் பண்ணிய வஸ்துவைக் காலால் எப்படி உதைப்பது?

போன வாரம் உன் கடிதம் வந்தது. 21ஆம் தேதி வியாழக்கிழமை வருகிறாய், மறுநாள் வண்டியோடு போய் நின்றால்தான் அந்தக் கம்பெனி வேலை, இல்லையென்றால் வேறொருவனுக்கு. வேறு வழியில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தேன். பெடல் அசையவில்லை, என் முழங்கால்தான் அசைந்தது. நொண்டிக்கொண்டே போய் ராயப்பேட்டை மெக்கானிக் பீர் முஹம்மது பாயை அழைத்து வந்தேன். அவர் பிளக்கைக் கழற்றித் துவாரத்தில் விரலை விட்டு முகர்ந்தார்.

"இன்னா சாமி, எஞ்சினுக்கு எண்ணெ முழுக்கா போட்டுக்கினு இருந்தே? காஞ்சி பிசினா பூட்ச்சி. பிஸ்டன் உள்ள ஒட்டிக்கினு கீது."

சுத்தியல் கொண்டு வரட்டுமா என்று கேட்டேன்.

"அடிச்சா ஒடையும் சாமி. கெஞ்சுனா வரும்."

மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து உள்ளே விட்டு ஊறவைத்தார். உன் அக்கா வெந்நீரில் துணி நனைத்து, மூச்சுப்பிடிப்புக்குக் கொடுப்பதுபோல் சிலிண்டருக்கு ஒத்தடம் கொடுத்தாள். பாய் வண்டியைக் கியரில் போட்டு, பின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று ஆட்டிக்கொண்டே இருந்தார். கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. நான் இருபத்தெட்டு வருஷம் பையன்களுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்தவன், பிரம்பைத் தொடாமல் ஒரு மணி நேரம் இருந்ததில்லை. இந்த மனுஷர் ஓர் இரும்பிடம் மூன்று நாள் பொறுமையாக இருந்தார். பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் சக்கரம் ஒரு நெல் அளவு நகர்ந்தது. பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார், உன் அக்கா "கேசவா" என்றாள். அப்புறம் ஒரு விரற்கடை, அப்புறம் முழுச் சுற்று.

இன்று காலை எண்ணெய் மாற்றி, புது பிளக் போட்டு, "நீயே ஒதை சாமி" என்று ஒதுங்கி நின்றார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உதைத்தேன். ஏழாவது உதையில் அது பேசிற்று, ஸ்ரீரங்கா. ரேழிச் சுவரும் அதிர்ந்தது, என் மார்பும் அதிர்ந்தது. கண்ணால் பார்க்காத எரிமலைகளைப் பற்றி எவ்வளவோ பாடம் நடத்தியிருக்கிறேன். ஒன்று என் காலடியில் வந்து நின்றதும் அழுதுவிட்டேன். உள்ளே மிச்சமிருந்த நல்லெண்ணெய் எரிந்து புகையில் புளியோதரை வாசனை அடித்ததால், எதிர்வீட்டுத் தேவானை என்ன விசேஷம் என்று கிண்ணத்தோடு வந்துவிட்டாள்.

ஆகவே நீ கவலையில்லாமல் வந்து இறங்கு. வண்டி தயார். பெருமாள் உனக்குத் தீர்க்காயுளும் அதற்கு நல்ல டயரும் அருளட்டும்.

இப்படிக்கு,
உன் அத்திம்பேர்
ஸ்ரீனிவாசராகவன்

பின்குறிப்பு: மாலை ஐந்து மணி. பாய் ஸ்பானர்களை நம்மாத்திலேயே வைத்துவிட்டு நாகூருக்கு ரயில் ஏறிவிட்டார். 25ஆம் தேதிதான் திரும்புவார். அவ்வளவு பெரிய மூச்சு எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு தரம் உள்ளே பார்க்கலாமென்று ஒரு நட்டைக் கழற்றினேன். இப்போது உன் எஞ்சின் ஊஞ்சல் பலகையில் நாற்பத்தொரு உருப்படியாக இருக்கிறது. உன் அக்கா என்னோடு பேசுவதில்லை. கம்பெனிக்காரனுக்கு நீ என்ன காரணம் எழுதினாலும் கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன். வந்ததும் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் அதற்கு முன் அந்தப் பிஸ்டனை ஒரு தரம் உள்ளங்கையில் வாங்கிப் பார். அத்தனை சத்தமும் போட்டது இத்தனூண்டு டம்ளர்தான், ஸ்ரீரங்கா.