தொட்டிலில் இடமில்லை

‘புது த்ரெட் உருவாக்க முடியவில்லை’ என்று மடிக்கணினித் திரையில் மறுபடியும் வந்து நின்றது. கூடத்தில் உட்கார்ந்திருந்த இன்ஜினியர் அதை முறைத்துப் பார்த்தார். கூடவே அவருக்குக் கொட்டாவியும் வந்தது.

மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் அவர் தன் கையாலேயே செய்த தொட்டில். அழுகைச் சத்தம் கேட்டால் தானே ஆடும். அவர் குரலிலேயே தாலாட்டுப் பாடும். உள்ளே ஒரு குட்டி லினக்ஸ் கணினி. ஒவ்வொரு அழுகைக்கும் அது ஒரு த்ரெட்டை, அதாவது பாடுவதற்கென்றே ஒரு வேலையாளை, புதிதாக உண்டாக்கும். நினைவகமோ கையளவு.

“இன்னிக்கு மதியமாவது நிம்மதியா தூங்கு. தொட்டில் பாத்துக்கும்” என்று மனைவிக்கு வீராப்பாகச் சொல்லியிருந்தார்.

பிள்ளை பிறந்ததிலிருந்து அவளுக்கு ஒழுங்கான தூக்கமில்லை. “நான் எழுந்து வர்ற மாதிரி ஆச்சு, தொட்டில் பரணுக்குப் போயிடும்! நீங்களும் கதவைத் திறந்து குழந்தையை எழுப்பிடாதீங்க” என்றுவிட்டு, தூங்குவதற்கு வேறொரு உள்ளறைக்குப் போனாள்.

திரையில் அழுகை, பாட்டு, அழுகை, பாட்டு என்று வரிகள் ஓடின. தொட்டிலில் விளக்கு எரியவிடும் நிரலை நிறுத்தி, கொஞ்சம் இடம் பண்ணிக் கொடுத்தார். கூடுதலாக இரண்டு பாட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. பிறகு அதே பிழை.

பாட்டு மிதந்து வந்துகொண்டே இருந்தது. அவர் கண் சொக்கியது.

கனவில் தொட்டிலைச் சுற்றி அவரே பல பேராக உட்கார்ந்து பாடினார். ஆளுக்கொரு பெரிய பாய். உட்காரும் இடமென்னவோ ஒரு ஓரம்தான். வாசலில் நின்ற இன்னொரு அவர், “உள்ள இடமில்லையாம்” என்றார் பாவமாக.

திடுக்கிட்டு விழித்தவருக்கு விஷயம் பிடிபட்டது. லினக்ஸ் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் நினைவகத்தில் எட்டு மெகாபைட் இடத்தைப் பாயாக விரிக்கிறது! அந்தப் பாயை நறுக்கிச் சின்னதாக்கித் தொட்டிலை மறுபடி ஓடவிட்டார்.

பிழை போயே போய்விட்டது. அழுகையும் பாட்டும் வரிவரியாகக் கொட்டின. ஆற்றுக்கடியில் யாரோ பஜனை செய்வதைப்போல் அவர் குரல் பத்தாய், இருபதாய் வீட்டை நிறைத்தது.

உள்ளறைக் கதவு திறந்தது. கலைந்த தலையோடு மனைவி நின்றாள்.

“என்னங்க இது, கச்சேரியா?”

“நான் என்ன பண்றது? உன் பிள்ளை அழுகையை நிறுத்தவே மாட்டேங்குது!”

அப்போது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் தெருக்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். தோளில் குழந்தை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

“மெதுவா பேசுங்க. முதல் பாட்டுலயே பயந்து எழுந்துடுச்சு. அப்பவே தொட்டில் ரூமோட பின்வாசல் வழியா தூக்கிட்டுப் போயிட்டேன்.”

“அப்போ உள்ள அழறது யாரும்மா?” என்றாள் மனைவி.

“யாரும் அழல. மாப்பிள்ளை பாடுறது மனுஷங்களுக்கே அழுகையாத்தான் கேக்குது. பாவம், தொட்டில் என்ன பண்ணும்!”