ரொடிக்கா இங்கே இல்லை

ஒரு டென்னிஸ் வீராங்கனையின் இருபத்தேழு வருட உழைப்பை ஒரே ஒரு மணித்தியாலத்தில் முடித்துவைக்கப் பார்த்தவள் நான். மைதானத்தில் எதிரே நின்று அல்ல. ராக்கெட் ஒன்றை நான் கையில் பிடித்ததே எங்கள் நிலவறையில் ஒட்டடை அடிக்கத்தான். நான் செய்ததெல்லாம் அன்பினாலும் அவசரப் புத்தியினாலும் செய்தது. (அவசரப் புத்தி என்பது நான் சொல்வது. என் வீட்டுக்காரர் அதற்கு வேறு சொல் வைத்திருக்கிறார்.)

ஜேர்மனியில், வுப்பர்டாலில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு சின்ன டென்னிஸ் கழகம் இருக்கிறது. கோடையில் கழகங்களுக்கிடையே போட்டி நடக்கும்போது, வெளிநாட்டிலிருந்து ஒன்றிரண்டு தொழில்முறை ஆட்டக்காரரைக் கூப்பிட்டுத் தங்கள் அணியில் சேர்ப்பது இங்கே வழக்கம். பெரிய கழகம் என்றால் ஹோட்டலில் விடும். எங்கள் கழகம் உறுப்பினர் வீடுகளில் விடும். என் மகள் மதுரா அங்கே இரண்டாம் அணியில் ஆடிக்கொண்டிருந்தாள். "யார் வீட்டில் அறை இருக்கிறது?" என்று கேட்ட கூட்டத்தில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கையைத் தூக்கிவிட்டு வந்தாள். அப்படி வந்து சேர்ந்தவள்தான் ருமேனியாக்காரி ரொடிக்கா.

அவளுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. தகப்பன் ட்ராம் ஓட்டுநர். ஆறு வயதில் ஆடத் தொடங்கி, ஒரு காலத்தில் உலகத் தரவரிசையில் முதல் ஐம்பது பேருக்குள் வந்தவள். பிறகு தோளில் சத்திரசிகிச்சை, ஒரு வருடம் வீட்டில், தரவரிசையில் சறுக்கல். அந்த வருடம் மறுபடி ஏறிக்கொண்டிருந்தாள். இலையுதிர் காலத்தில் ஒரு பெரிய போட்டியின் தகுதிச் சுற்றுக்குள் நுழைந்தால் நுழைந்ததுதான், இல்லாவிட்டால் ராக்கெட்டைப் பெட்டிக்குள் வைத்துவிடுவேன் என்று வந்த அன்றைக்கே சொன்னாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. மதுரா என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் "அம்மா" என்றே கூப்பிட்டாள். சோறும் பருப்பும் ஆசையாகச் சாப்பிட்டாள். ஒருநாள் இருமுகிறாளே என்று கொத்தமல்லிக் குடிநீர் அவித்துக் கொடுத்தேன். அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று விசாரித்தாள். ஏழு சரக்கின் பெயரைச் சொன்னேன். சிரித்தபடி மூடியை மூடித் திருப்பித் தந்தாள். எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

சம்பவம் நடந்தது ஒரு சனிக்கிழமை. மறுநாள் அவளுக்கு ஆட்டம். மதுரா ஆஸ்பத்திரியில் தாதிமைக்கு ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்ததால் காலை வேலைக்கு ஐந்து மணிக்கே போய்விட்டாள். நான் குசினியில் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைத்தேன். சரியாக ஆறு மணிக்கு வாசல் மணி அடித்தது.

வாசலில் இரண்டு பேர். ஒருத்தி நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டிய பெண். மற்றவன் இளம் ஆள். இருவர் கழுத்திலும் படம் போட்ட அட்டை. அவன் கையில் ஒரு பெட்டி, அவள் கையில் ஒரு தாள். அந்தப் பெண் தாளைப் பார்த்து ரொடிக்காவின் முழுப்பெயரை, குடும்பப் பெயரோடு, ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தாள். என்ன விஷயம் என்று கேட்டேன். அதை அவரிடம் மட்டும்தான் சொல்லலாம் என்றாள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் இந்த நாட்டுக்கு வந்தபோது இருபது வயது. அகதிகள் விடுதியில் காலை ஆறு மணிக்குத்தான் கதவு தட்டுவார்கள். தாளைப் பார்த்துப் பெயர் வாசிப்பார்கள். வாசித்த பெயருக்குரிய ஆள் விமான நிலையத்துக்குப் போவார். ஆகையால் எங்கள் மாடியில் ஒரு சட்டம் இருந்தது. கதவைத் திறப்பது யாராக இருந்தாலும், ஆள் இல்லை என்று சொல்லவேண்டும். அப்படி நான் நான்கு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். (அதில் ஒருவர் இப்போது கொலோனில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். என் வீட்டு விசேஷம் எதுவானாலும் முதல் ஆளாக வந்து நிற்பார்.) அதற்கும் முன்னால் யாழ்ப்பாணத்தில், என் அண்ணனைத் தேடி ஆமிக்காரர் வந்தபோது படலையில் நின்று எங்கள் அம்மா சொன்னதும் அதுதான். எனக்கு ஜேர்மன் கடவுச்சீட்டு கிடைத்து இருபது வருடமாகிறது. என் நாக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

"அப்படி ஒருவரும் இங்கே இல்லை" என்றேன். என் வாழ்க்கையில் நான் பிழையில்லாமல் பேசிய ஜேர்மன் வசனங்களில் அது ஒன்று.

அந்தப் பெண்ணின் பார்வை மெல்லக் கீழே இறங்கியது. வாசலில் எங்கள் எல்லோருடைய செருப்புகளோடும், செம்மண் அப்பிய டென்னிஸ் சப்பாத்துச் சோடி ஒன்று கிடந்தது. தோணி அளவு.

"என்னுடையது" என்றேன்.

இப்போது அவள் என் காலைப் பார்த்தாள். என் காலுக்கு இங்கே பெரும்பாலும் சிறுவர் பகுதியில்தான் சப்பாத்து வாங்குவோம். நன்றி சொல்லிவிட்டு இருவரும் படியிறங்கினார்கள். நான் கதவைச் சாத்தி முதுகால் முட்டுக்கொடுத்தபடி நின்றேன்.

மேல்மாடி யன்னலில் என் வீட்டுக்காரர் திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கியபடி நின்றார். அவரும் அதே விடுதியில் இருந்தவர்தான். விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை.

"போகேல்லை" என்றார் மெதுவாக. "காருக்குள்ளை இருக்கினம். வீட்டைத்தான் பாத்துக்கொண்டிருக்கினம்."

"இருந்து பிடிக்கப் போகினம்போலை."

"நீ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பின்னாலை போ. இஞ்சை நான் பாக்கிறன்."

எத்தனையோ வருடமாக நாங்கள் இருவரும் ஒரு விஷயத்தில் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை. எங்கள் ஊர் மலைச்சரிவில் இருப்பதால், முன்வாசல் மேல்தெருவில், நிலவறை வாசல் கீழ்தெருவில். எங்கள் கார் கீழ்தெருவில்தான் நிற்கும். நான் ரொடிக்காவின் அறைக்குள் போய் அவள் வாயில் கையை வைத்து எழுப்பினேன். (ஆம், வாயில் கையை வைத்து. இப்போது எழுதும்போதே கூசுகிறது.) ஒன்றும் பேசாதே, என்னோடு வா என்றேன். வீட்டில் நெருப்பு என்று நினைத்தாளாம். இரவு உடையோடு, அவளுடைய சப்பாத்து முன்வாசலில் கிடந்ததால் என் வீட்டுக்காரரின் குளியலறைச் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள்.

கார் நெடுஞ்சாலையில் ஏறியபிறகுதான் அவளுக்குத் தூக்கம் கலைந்தது.

"அம்மா, எங்கே போகிறோம்?"

"கொலோனுக்கு. என் தங்கச்சி வீடு. பயப்படாதே. அங்கே ஒருவரும் தேடி வரமாட்டார்கள்."

"என்னை யார் தேடுகிறார்கள்?"

நான் பெருமையோடு விவரமாகச் சொன்னேன். இரண்டு பேர், கழுத்தில் அட்டை, கையில் தாள், பெட்டி. நான் எப்படி முகத்தில் ஒன்றும் காட்டாமல் இல்லையென்று சொன்னேன் என்பதைக் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். ரொடிக்கா காரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். ஆறு இருபத்தாறு. இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு ருமேனிய மொழியில் ஏதோ சொன்னாள். எனக்கு ருமேனிய மொழி தெரியாது. ஆனால் அது விளங்கியது.

ஊக்கமருந்துப் பரிசோதனைக்காரர் அவர்கள். அவளைப் போன்றவர்கள் வருடத்தின் ஒவ்வொரு நாளும், எந்த ஒரு மணித்தியாலம் எந்த விலாசத்தில் இருப்பார்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவேண்டுமாம். அவள் கொடுத்திருந்தது காலை ஆறிலிருந்து ஏழு. அந்த நேரத்துக்குள் வந்து பார்க்கும்போது ஆள் இல்லையென்றால் ஒரு குற்றம். பன்னிரண்டு மாதத்தில் மூன்று குற்றம் சேர்ந்தால் தடை. அவளுக்கு ஏற்கனவே இரண்டு இருந்தன. ஒன்று விமானம் பிந்தியதால். மற்றது ஹோட்டலில் அறை மாற்றியதால்.

"இரண்டு வருடம் தடுப்பார்கள், அம்மா. எனக்கு முப்பத்து மூன்று வயது" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் மதுரா எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தாள். "அம்மா, விடியக்காலமை ஆரும் வந்தா ரொடிக்காவைக் கூப்பிடுங்கோ" என்று சொன்னது உண்மை. அந்த நேரம் தொலைக்காட்சியில் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஓம் ஓம் என்றேன்.

வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து அவர்களை மறிக்கச் சொல்லலாம் என்றால், அவளுடைய தொலைபேசி கட்டிலுக்குப் பக்கத்தில், என்னுடையது தேத்தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில். அடுத்த வெளிவழியில் இறங்கித் திரும்பினேன். முப்பது வருடமாக இந்த நாட்டின் வேக எல்லைப் பலகைகளுக்குப் பயந்து வாழ்ந்தவள் அன்று ஒன்றையும் பார்க்கவில்லை. ஒரு பாலத்தடியில் சிவப்பாக ஒரு மின்னல் வெட்டியது. (வேகக் கமரா எடுத்த படம் பிறகு தபாலில் வந்தது. சட்டப்படி பக்கத்தில் இருப்பவரின் முகத்தை மறைத்து அனுப்புவார்கள். என் முகம் மட்டும் வாயைப் பிளந்தபடி தெளிவாக இருந்தது.) வீதி திருத்தும் இடத்தில் ஒரு லொறி முன்னால் ஊர்ந்தது. ஆறு நாற்பத்தாறு. நான் தமிழில் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். ரொடிக்கா கதவுப் பிடியில் கையை வைத்தபடி நிமிடங்களைச் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்தப் பிள்ளையின் வாழ்க்கையை நாசமாக்கிவிட்டேன் என்று எனக்குக் கண் கலங்கியது. ஓட்டிக்கொண்டே அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

வீட்டில் அதற்குள் என் வீட்டுக்காரர் தன் பங்கைச் செய்து முடித்திருந்தார். அந்தப் பெண் ஆறரைக்கு மறுபடி மணி அடித்து, சற்று முன் கதவைத் திறந்த உங்கள் மனைவியோடு பேசலாமா என்று கேட்டிருக்கிறாள். இவர் என்னைவிட ஒரு படி மேலே போய், தனக்கு மனைவியே இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

மேல்தெருவில் காரைக் குறுக்கே நிறுத்தினேன். ஆறு ஐம்பத்தேழு. அந்தப் பெண் கடைசித் தடவையாக மணியில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். ரொடிக்கா குளியலறைச் செருப்போடு ஓடினாள். ஒரு செருப்பு வழியில் கழன்றது. "நான்தான், நான்தான், இங்கே இருக்கிறேன்" என்று கத்தியபடி படியேறினாள். அவ்வளவு வேகமாக அவள் மைதானத்திலும் ஓடி நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் மணிக்கூட்டைப் பார்த்தாள், தாளில் எதையோ குறித்தாள், உள்ளே போகலாம் என்றாள். நேரத்துக்கு வந்தாயிற்று, குற்றம் இல்லை. குறுக்கே நின்ற காரை ஓரமாக நிறுத்திவிட்டு நானும் பின்னால் போனேன்.

உள்ளே போனதும் அந்தப் பெண் என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லி, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நான் மறைக்கவில்லை. காலை ஆறு மணிக்குத் தாளோடு வந்து பெயர் வாசிப்பவர்கள் முன்பெல்லாம் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள், யோசிக்க முன்னமே வாயில் வந்துவிட்டது என்றேன். அவள் பேனையைக் கீழே வைத்தாள்.

"நான் கொண்டுபோவது சிறுநீர் மட்டும்தான்" என்றாள்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அதற்குப் பின்னால் அழுகை. அவளும் சிரித்தாள்.

ஆனால் கொண்டுபோவதற்கு அது வரவேண்டுமே. பயத்தில் ரொடிக்காவுக்கு ஒரு சொட்டு வரவில்லை. இரண்டு மணித்தியாலம் எங்கள் வரவேற்பறையில் இருந்து, முத்திரை உடைக்காத போத்தல் தண்ணீரைக் குடித்துக் குடித்து முழித்தாள். அந்தப் பெண் அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இளைஞனுக்கு என் வீட்டுக்காரர் பால் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். தனக்கு மனைவி உண்டு என்பதையும் மெல்ல ஒப்புக்கொண்டார். நான் சாமி அறையில் விளக்கேற்றிப் பிள்ளையாரிடம் வேண்டிய வேண்டுதலை இன்றுவரை கோயிலில் யாருக்கும் சொன்னதில்லை. கடைசியில் ஒன்பது மணிபோல அந்தப் பெண்ணும் அவளும் குளியலறையிலிருந்து வெளியே வந்து தலையாட்டியபோது, நாங்கள் கைதட்டினோம்.

மதுரா வேலையால் வந்து முழுவதையும் கேட்டுவிட்டு நெற்றியில் கைவைத்தாள்.

"அம்மா, ருமேனியா ஐரோப்பிய யூனியனிலை இருக்கு. அவவை ஆர் எங்கை அனுப்பிறது?"

அதை நான் உண்மையிலேயே யோசிக்கவில்லை.

மறுநாள் ரொடிக்கா தோற்றாள். இரண்டு செட்டும் மோசமாகத் தோற்றாள். ஆட்டம் முடிந்து வேலியோரம் வந்து, தோற்கவும் அனுமதி வேண்டும் அம்மா, அது என்னிடம் இருக்கிறது என்று சொல்லி என்னைக் கட்டிப்பிடித்தாள். அந்த இலையுதிர் காலத்தில் தகுதிச் சுற்றைத் தாண்டிப் பெரிய போட்டியில் ஒரு சுற்று ஆடினாள். நாங்கள் மூவரும் மதுராவின் சின்னத் தொலைபேசியில் தலைகளை முட்டிக்கொண்டு பார்த்தோம்.

அடுத்த கோடையிலும் எங்கள் வீட்டில்தான் தங்குவேன் என்று கழகத்திடம் அவளே கேட்டு வந்தாள். வந்த மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு மணி அடித்தது. அதே நரைத்த தலைப் பெண். நான் கதவை அகலத் திறந்து, "இருக்கிறாள், உள்ளே வாருங்கள்" என்றேன். எவ்வளவு நிம்மதி. ஆறு மணிக்கு வாசலில் நின்று நான் உண்மை சொன்னது அதுதான் முதல் தடவை. ஆனால் அவள் ஏற்கனவே சிரித்துக்கொண்டு நின்றாள். கையிலிருந்த தாளை என் பக்கம் திருப்பினாள். விலாசத்துக்குக் கீழே, ஆளைக் கண்டுபிடிக்க உதவும் குறிப்புகளை எழுதும் இடத்தில், ரொடிக்கா எழுதியிருந்தாள்: "கதவைத் திறக்கும் அம்மா நான் இல்லை என்று சொல்வார். நம்பவேண்டாம். நான் இருக்கிறேன்."

ரொடிக்கா இப்போது ஆடுவதில்லை. தன் ஊரில் சிறுமிகளுக்குப் பழக்குகிறாள். மதுரா அந்த மூன்று வசனத்தையும் அச்சடித்து எங்கள் வாசல் மணிக்குக் கீழே ஒட்டிவிட்டாள். எத்தனை தரம் நான் கிழித்தாலும் அடுத்த வாரம் புதிதாக ஒன்று இருக்கும். பார்சல் கொண்டுவருபவர் தினமும் அதை வாசித்துவிட்டு, நான் கதவைத் திறந்ததும், "நீங்கள் வீட்டில் இல்லைத்தானே?" என்று கேட்கிறார். இல்லை என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.