கதையில் வருகிற அப்பா

"அ... வன்... என்... கை... யை..."

அதற்கு மேல் நல்லமுத்துவின் விரல் நகரவில்லை. மகளின் கைப்பேசியில் அடுத்து நின்ற சொல்லை மறுபடியும் எழுத்துக் கூட்டிப் பார்த்தார். மறுபடியும் 'பிடித்தான்' என்றுதான் வந்தது.

மணி பார்க்கத்தான் கைப்பேசியை எடுத்தார். சோறு வடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. திறந்திருந்த பக்கத்தில் தமிழ் எழுத்து தெரியவும், படித்துப் பார்ப்போமே என்று ஓர் ஆசை. கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்பில் சேர்ந்து, நரை விழுந்த பிறகு எழுத்துப் படித்தவர் அவர். படிக்க வந்தபின் எதையும் படிக்காமல் தாண்டிப் போக முடிவதில்லை.

இதுவரை அவர் படித்த எந்த எழுத்தும் பொய் சொன்னதில்லை. மின்சாரத்தை வெட்டுவோம் என்று எழுதியிருந்தால் வெட்டினார்கள். காலமானார் என்று கோயில் பலகையில் எழுதியிருந்தால் அந்த ஆள் காலமாகித்தான் இருந்தார்.

விரலைப் பழையபடி மேலே கொண்டுபோய் முதலிலிருந்து படித்தார். 'என் அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை அறுக்கிறார். அம்மா ஃபாக்டரி பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். எங்கள் வீடு வரிசையில் கடைசி வீடு. அப்பாவுக்குக் கோபம் வந்தால் பேச மாட்டார். ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிடுவார்.'

நல்லமுத்துவின் இடது கை அப்போது ரேடியோவின் திருகில் இருந்தது. சுட்டதுபோல் இழுத்துக்கொண்டார்.

குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வந்தாள் லோஷினி.

"யாரு அவன்?"

"எவன்பா?"

"கையப் புடிச்சவன்."

லோஷினி கைப்பேசியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். "ஐயே, அது கதைலா அப்பா. ஃபோன்ல வர்ற தொடர்கதை. எங்க கிளாஸ்ல எல்லாப் புள்ளைங்களும் படிக்குதுங்க. பாருங்க, நம்பர் போட்டிருக்கு. பத்தாயிரம் பேரு படிச்சிருக்காங்க."

நல்லமுத்து அரிசிப் பீப்பாய் மேல் உட்கார்ந்தார். "பத்தாயிரம் பேருக்குத் தெரிஞ்சு போச்சா?"

"என்னாது தெரிஞ்சு போச்சு?"

"நம்ம வீடு கடைசி வீடுன்னு போட்டிருக்கு. நான் குலை வெட்டறேன்னு போட்டிருக்கு. ரேடியோ கூட போட்டிருக்கு."

"அப்படி இருந்தாத்தாம்பா நல்லாருக்கும். அரண்மனை, ராஜகுமாரன், அதெல்லாம் யாருக்கு வேணும்? நம்ம போற மாதிரி பஸ்ஸு, நம்ம மாதிரி வீடு. படிக்கறப்ப நமக்கே நடக்கற மாதிரி இருக்கும்."

அன்று சாயங்காலம் மனைவி தமயந்தி வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டார். "தனக்கே நடக்கற மாதிரி இருக்குன்னு அவ வாயாலயே சொல்றா."

"நாள் பூரா நின்னு எனக்குக் காலு வீங்கிக் கெடக்கு. கதைய உண்மைன்னு நம்பற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"உண்மையா இருந்தா ஸ்கூலுக்கு முழுக்குப் போட்டுருவேன். டுரியான் துங்கால்ல அக்கா வீட்டுல கொண்டுபோய் விட்ருவேன்."

சொல்லிவிட்டாரே தவிர அவருக்கு மனசில்லை. பள்ளிக்கூடத்தில் பாரம் ஃபைவ், பதினோராம் வகுப்பு, வரைக்கும் வந்தது அந்தக் குடும்பத்தில் லோஷினி ஒருத்திதான். நர்ஸுக்குப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவளைவிட அவருக்குத்தான் அது பெரிய ஆசை. அரிவாள் பிடித்துக் காய்த்துப்போன கையால் பேனா பிடிக்க அவர் போனதே, மகள் கொண்டுவரும் சான்றிதழைத் தானே படிக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

அதனால் அந்தக் கதையைக் கண்காணிக்க முடிவு செய்தார். "என் ஃபோன்லயும் அதப் போட்டுக் குடு" என்று கேட்டபோது லோஷினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அம்மா, அப்பா கதை படிக்கிறாங்கம்மா" என்று ஓடினாள்.

அடுத்த பாகத்தில் மழை பெய்தது. பஸ் நிறுத்தத்தில் அவள் நனைகிறாள். அவனிடம் ஒரே ஒரு குடை.

"இது என்னா, ஒரே ஒரு கொடை?"

"எல்லாக் காதல் கதையிலயும் மழை வரும்பா. மழை வந்தா கொடை ஒண்ணுதான் இருக்கும். அப்பதான கிட்ட வந்து நிக்க முடியும்?"

வருமுன் தெரிந்துவிட்டது நல்லதாயிற்று என்று நினைத்தார் நல்லமுத்து. லோஷினியின் குடையில் கம்பி உடைந்து மாதக்கணக்காகிறது. மறுநாளே பக்கத்து ஊர் பெம்பானில் கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய குடையாகக் கேட்டு வாங்கினார். பசாரில் மீன் கடைக்கு மேல் விரித்து வைக்கலாம், அவ்வளவு பெரிது. சொந்தக் குடை இருந்தால் ஒருத்தன் குடைக்குள் ஏன் போகப்போகிறாள்?

அந்த வாரமே மழை பிடித்தது. வெட்டிய குலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். எதிர்ப்புறம் நின்று பார்த்தார். அவர் வாங்கிக் கொடுத்த குடைக்கு அடியில் லோஷினி நின்றாள். பக்கத்தில், சட்டைகூட நனையாமல், ஒரு பையன்.

பக்கத்து வரிசை லாரி டிரைவர் பரமேஸ்வரனின் மகன் தனேஷ்.

"அவன் நனைஞ்சுக்கிட்டு நின்னான்பா" என்றாள் லோஷினி வீட்டில். "நீங்கதான் இம்மாம் பெரிய கொடை வாங்கிக் குடுத்தீங்க. சின்னக் கொடையா இருந்தா நானே கூப்புட்டிருக்க மாட்டேன்."

இத்தனை நாள் 'அவன்' என்று மட்டும் இருந்தவனுக்கு ஒரு மூஞ்சியும் அரும்பு மீசையும் வந்துவிட்டன. குடையும் தன் காசில்.

"இனிமே பஸ்ஸு கிடையாது. நானே மோட்டார்ல கொண்டுபோய் விடறேன்."

மோட்டார் இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் பெம்பான் சந்திப்புக்குக் கொஞ்சம் முன்னால் இருமி இருமி நின்றது. நல்லமுத்து உதைத்த உதையில் அவர் கால்தான் வலித்தது. பின்னால் மஞ்சள் பஸ் வந்து நின்றது. ஜன்னல் எல்லாம் தலைகள்.

"புள்ளைய ஏத்தி விடுங்கண்ணே, ஸ்கூல் கேட்டைச் சாத்திருவாங்க" என்றார் பஸ்காரர்.

வேறு வழியில்லை. ஏற்றிவிட்டார். காலியாக இருந்தது ஒரே இடம், தனேஷின் பக்கத்தில். மகள் அங்கே உட்கார்வதைத் தார்ச் சாலையில் நின்று பார்த்தார். அன்றைக்கு வேலைக்கு நேரம் கழித்துப் போனதற்கு வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வேறு காய்ச்சி எடுத்தார். மறுநாளிலிருந்து மகளைப் பஸ்ஸிலேயேதான் அனுப்ப வேண்டியதாயிற்று.

அந்த வாரம் வந்த பாகத்தை ஓய்வு நேரத்தில், குலைக் குவியலின் மேல் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார். 'பஸ்ஸில் வேறு இடமே இல்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் இதயம் படபடத்தது.'

நல்லமுத்துவுக்குத்தான் படபடத்தது. குடித்த தண்ணீர் புரையேறி, மண்டோர் வந்து முதுகில் தட்டும்படி ஆகிவிட்டது.

இனிப் பெரியவர்கள் பேசித் தீர்ப்பதுதான் வழி. சனிக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்பதால் ஒரு சீப்பு வாழைப்பழம், ஆப்பிள், ஒரு டின் பிஸ்கட்டு வாங்கிக்கொண்டார். தட்டில் வைத்துக் கொடுத்தால் மரியாதையாக இருக்கும் என்று தட்டும் எடுத்துக்கொண்டார்.

பரமேஸ்வரன் தட்டைப் பார்த்தார். அவர் மனைவி நல்லமுத்துவின் சட்டையைப் பார்த்தாள். உடனே உள்ளே போய் நல்ல கோப்பைகளைக் கழுவும் சத்தம் கேட்டது.

"பரமு, புள்ளைங்க விஷயம். ஊரு வாயில விழறதுக்கு முன்னால நாம பேசிக்கிட்டா நல்லதுன்னு வந்தேன்."

பரமேஸ்வரன் தொண்டையைச் செருமினார். "எடம் நல்ல எடம்தான். நான் ஒண்ணும் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா படிப்பு முடியட்டும்லா. இவனுக்கு இன்னும் மீசையே ஒழுங்கா மொளைக்கல."

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன். படிப்பு முடியற வரைக்கும் ரெண்டு பேரையும் தள்ளி வைக்கணும்."

"தள்ளியே வைக்கலாம்ணே" என்று கோப்பையோடு வந்தாள் பரமேஸ்வரனின் மனைவி. "நிச்சயம் மட்டும் பண்ணிட்டுத் தள்ளி வைக்கலாம்."

காப்பி தொண்டைக்குள் இறங்கிய பிறகுதான் நல்லமுத்துவுக்கு அந்தச் சொல் காதில் இறங்கியது. எழுந்து நின்று, "அதுக்கு வரல" என்றார். "கூச்சப்படறாரு" என்றாள் அவள். தட்டைத் திருப்பிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமை மண்டோர் கை குலுக்கினார். "விருந்து எப்ப?" என்று கேட்டார்கள் டிராக்டர்காரர்கள். தமயந்தி ஃபாக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த வேகத்தைப் பார்த்து அவர் ரேடியோவைக் கூட்ட நினைத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

"பஸ்ஸு முழுக்க எனக்கு வாழ்த்து சொல்றாளுங்க. யாருக்குங்க நிச்சயம்?"

"நான் அவன விலக்கி விடத்தான் போனேன்."

"பழத்தட்டோடயா?"

லோஷினி அழுது முகம் வீங்கி, அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பயந்துபோன தனேஷ் பஸ்ஸில் கடைசி இருக்கைக்கு ஓடிவிட்டானாம், அவள் இருக்கும் பக்கம்கூடத் திரும்புவதில்லையாம். இதைக் கேட்டு நிம்மதியாகத்தான் படுத்தார் நல்லமுத்து. அந்த நிம்மதியும் அடுத்த பாகத்தோடு போயிற்று. 'எங்களுக்குள் பேச்சு நின்றுவிட்டது. அவன் பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தான்.'

தமயந்தியிடம் காட்டினார். "இதுக்கு என்னா சொல்றே?"

"நடுவுல ஒரு சண்டை வரும், அப்புறம் சேந்துருவாங்க. எல்லாக் கதையிலயும் அப்படித்தான்."

"அப்புறம் சேந்துருவாங்களா?"

அடுத்த பாகத்திலேயே சேர்ந்தார்கள். எழுதியிருந்தது: 'ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். உம்பாய்க் கடற்கரை. சூரியன் இறங்கும் நேரம் அவன் வருவான். அதன் பிறகு நான் வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை.' அதற்குக் கீழே, அடுத்த பாகத்தோடு கதை முற்றும் என்று இருந்தது.

முற்றும் என்ற சொல்லைத்தான் நல்லமுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தமயந்தியிடம் சொல்வதுபோல் சுவரைப் பார்த்துச் சொன்னாள் லோஷினி. "ஜாசின்ல கூட்டாளி வீட்டுல குரூப் ஸ்டடி. அவங்கம்மா காடியில வந்து ஏத்திக்குவாங்க."

"போய்ட்டு வா" என்றார் நல்லமுத்து. அவள் ஏறிய கார் தெருமுனை திரும்பியதும் மோட்டாரை எடுத்தார். அக்காவுக்குப் போன் போட்டு, நாளைக்கு ஓர் அறையை ஒழித்து வைக்கச் சொன்னார். வழியெல்லாம் கண்ணில் தண்ணீர். காற்றில் என்று சொல்லிக்கொண்டார்.

உம்பாயில் மீன் சுடும் புகை. கடலைப் பார்த்த ஒரு மேசையைப் பிடித்தார். குடிக்க என்ன வேண்டும் என்று கேட்க வந்தது ஹஃபீஸா, அந்தக் கடை முதலாளியின் மகள், முப்பது வயசிருக்கும்.

"சாப்ட என்னாண்ணே? சிப்புட் இருக்கு, சம்பல் மீன் இருக்கு."

"பாலில்லாம டீ ஓ மட்டும் குடும்மா."

அவள் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமையில் கூட்டம் அதிகம். கடலோரமாகப் போட்டிருந்த நீள மேசையில் ஆண்கள் சிலர் முன்னால் டீ மட்டும் இருந்தது, ஒருவரோடு ஒருவர் பேசாமல் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீன் ஏலத்துக்கு வந்தவர்களாக இருக்கும்.

சூரியன் இறங்கியது. ஜோடி ஜோடியாக வந்தார்கள். பின்னல் போட்ட பெண் வந்தபோதெல்லாம் எட்டி எட்டி முகத்தைப் பார்த்தார். கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை. கண்டுபிடிக்காமல் போய்விட வேண்டுமே என்று கோயிலில் வேண்டியதுபோல் வேண்டினார்.

போன் அடித்தது. தமயந்தி.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க? மோட்டாரக் காணோம்."

"லோஷினி?"

"வந்துட்டா. பிசிக்ஸ் புரியலன்னு மூணு பேரும் சண்டை போட்டுக்கிட்டு சீக்கிரமே கலைஞ்சிட்டாளுங்களாம். இந்தா, மீ தின்னுக்கிட்டு உக்காந்திருக்கா. பேசறீங்களா?"

"அப்பா" என்றது குரல், நூடுல்ஸை மென்றபடி. பேசாமல் இருந்தவள் பேசிவிட்டாள். "வரும்போது சம்பல் மீன் வாங்கிட்டு வாங்க. எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்லா, அந்தப் பாகத்த நானும்தான் படிச்சேன்."

நல்லமுத்து போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். நாளைக்கு அவள் பள்ளிக்கூடம் போவாள். அவர் உடம்பிலிருந்து ஏதோ ஒன்று கழன்று விழுந்ததுபோல் இருந்தது. எழுந்தார். ஆனால் கால் நகரவில்லை. எழுதியிருந்ததே. உம்பாய், ஞாயிறு, சூரியன் இறங்கும் நேரம். எழுத்து பொய் சொல்லாது. லோஷினி வீட்டில் இருந்தால், இங்கே வரப்போவது யார்?

மறுபடியும் உட்கார்ந்தார்.

காலியான கிளாஸை எடுக்க வந்த ஹஃபீஸா, துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, நீங்களும் பொண்ணப் புடிக்க வந்த அப்பாதானே? தனியா ஒரு மேசைய அடைச்சுக்கிட்டு உக்காராதீங்கலா, மத்த அப்பாங்க எல்லாம் அந்த நீள மேசையில இருக்காங்க."